கூடாரத்துக்கு வைத்த கற்கள்

ஆகஸ்ட் 9
அடுத்த வாரம் கிர்ஸ்டிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதோடு மலைக்கு முழுக்குப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்காட்லாந்தின் மூவாயிரம் அடி மலைகளில் அவளுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று, பென் கார்னா. உச்சியில் இருக்கும் கல்குவியலைக் கையால் தொட்டால்தான் ஏறியதாகக் கணக்கு.

"தவழ்ந்தாவது தொட்டுட்டு வருவேன். நீ வரியா, இல்லையாடி?"

வராமல்? இத்தனை வருஷமாக அவள் பின்னால் மூச்சிரைத்தது நான்தானே. ஆனால் பயமாக இருக்கிறது. நாங்கள் பேசிக்கொள்வதே ஏற்றத்தில்தான். இந்த மலையும் முடிந்துவிட்டால் எதற்குச் சந்திப்போம்?

ஆகஸ்ட் 11
மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறிவிட்டோம், மிச்சம் நாளைக்கு என்று அறிவித்தாள் கிர்ஸ்டி. தரையில் அடித்த முளைகள் குட்டை, காற்று கூடாரத்தைப் பிடுங்கப் பார்த்தது. நல்லவேளையாகப் பக்கத்திலேயே கற்கள் குவிந்து கிடந்தன. "ஆட்டுக்காரங்க சுவர். இடிஞ்சு போச்சு," என்றாள். எல்லாவற்றையும் சுமந்து வந்து கயிறுகளின் மேல் வைத்தோம். மிச்சக் கற்கள் அடுப்புக்கு மறைப்பு. சூப் பிரமாதம்.

ஆகஸ்ட் 12
காலையிலிருந்து பனிக்குள் நடை. உச்சியைக் காணோம்.

"என்ன மலைடி இது! எந்தப் பக்கம் திரும்பினாலும் கீழதான் போகுது!"

"திசைகாட்டியைப் பாரேன்."

"பாறையில இரும்பு இருக்கு. ஊசி பொய் சொல்லுது."

"போனை கார்லயே வெச்சுட்டு வரணும்னு சட்டம் போட்டது யாரு?"

"வாயை மூடிட்டு நட, மோராக்."

மத்தியானம் சண்டை முற்றி, சுற்றிச் சுற்றிக் கூடாரத்துக்கே வந்து சேர்ந்தோம். அப்போதுதான் பனி விலகியது. கூடாரத்தின் அருகே நாயோடு ஒரு மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இதுதாம்மா உச்சி! போன மாசம்கூட இங்க பெரிய குவியல் இருந்துச்சு. எந்தப் படுபாவி..."

அவர் பார்வை எங்கள் கயிறுகள் மேல் வந்து நின்றது. நாய் ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கியது.

ராத்திரி முழுக்க அந்த உச்சியிலேயே தூங்கியிருக்கிறோம். ஐயோ, சூப் வேறு வைத்திருக்கிறோம்!

"அப்போ நேத்தே தொட்டாச்சே!" என்றேன்.

"தெரியாமத் தொட்டா கணக்கில்ல," என்றாள் கறாராக.

மூவரும் குவியலைத் திரும்பக் கட்டினோம். கடைசிக் கல்லை வைத்து, அதன் மேல் கையையும் வைத்து, ஓவென்று அழுதாள் கிர்ஸ்டி. நானும்தான். அந்த மனிதருக்கும் விஸ்கி ஊற்றிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டும் முறைத்தார்.

ஆகஸ்ட் 13
இறங்கிவிட்டோம். காரில் இருவரும் பேசவில்லை. என் பை ஏன் இப்படிக் கனக்கிறது?

ஆகஸ்ட் 14
பையின் அடியில், சாக்ஸில் சுற்றி, ஒரு கல். போன் போட்டேன்.

"நான்தான் போட்டேன்," என்றாள். "ஒரு கல் குறைஞ்சா குவியல் முழுசாகாது. அதனால இந்த மலை இன்னும் முடியல."

"திருட்டு முண்டம்."

"பத்திரமா வெச்சிரு."

ஆகஸ்ட் 19
அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் கல்லைத்தான் கேட்டாளாம். தலையில் ஏதும் அடிபட்டதா என்று கேட்டு நர்ஸ் எனக்குப் போன் செய்தாள்.

மே 3
கைத்தடியோடு என் வீட்டுப் படியேறி வந்தாள் கிர்ஸ்டி. கல் சமையலறைக் கதவுக்கு முட்டாக இருந்தது. துடைத்து என் பையில் போட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பைத்தியம்னார். அப்புறம், மெதுவாப் போங்கன்னார். கல்லு நீ தூக்கணும்."

சாயங்காலம் கடைக்குப் போய்க் கூடாரத்துக்கு இரும்பு முளைகள் வாங்கி வந்தேன். இந்த முறை நீளமானவை.