கிளச்சுக்கு ஊற்றிய தேங்காயெண்ணெய்

சேசு மரி சூசை துணை

மேற்கணக்கு லயம்,
ஹட்டன்.
4.2.1989

மகன் பத்திநாதனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள், அதனால் எழுதிவிட்டேன், வாசித்து முடித்ததும் நீயே அடித்துவிடு. உன் உடம்புக்கு அங்கே என்ன குறை இருக்கப்போகிறது, வெயில் ஊர்க்காரனுக்குச் சளி ஏது காய்ச்சல் ஏது. அம்மா எழுதச் சொன்னது இவ்வளவுதான், தனக்குக் கையில் லேசான வீக்கம், வண்டி நன்றாக ஓடுகிறது, தம்பி டக்ளஸ் சந்தோசமாக இருக்கிறான். இதில் வண்டி ஓடுவது மட்டும்தான் உண்மை. மற்றதை நான் சொல்கிறேன், உட்கார்ந்து வாசி.

உன் அம்மாவின் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இப்போது இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், இன்றைக்குப் பத்தொன்பது நாள். முப்பத்தொரு வருசம் கொழுந்து கிள்ளி உன்னைப் படிக்கவைத்த விரல்கள். நீ காசு அனுப்பி, டக்ளஸ் கண்டிக்குப் போய் வாங்கி வந்தானே அந்தப் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள், அதுதான் நசுக்கியது. ஊரிலுள்ள வண்டிக்கெல்லாம் கிளச்சுக்கு ஒயர் இருக்கும், உனக்கு அது போதவில்லை, எண்ணெயில் வேலை செய்கிற கிளச் வேண்டியிருந்தது. பிடியை அழுத்தினால் பக்கத்திலிருக்கிற மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் போய்க் கிளச்சைத் தள்ளும். அதற்குள்ளிருந்த ரப்பர் கப் தேய்ந்து டிசம்பரிலேயே ஒழுக ஆரம்பித்து, சொட்டின இடமெல்லாம் பெயின்ட் உரிந்தது. ஹட்டனில் கடைகள் பாதி நாள் மூடிக் கிடந்த நேரம், கப்பும் கிடைக்கவில்லை, அதற்கு ஊற்றுகிற பிரேக் ஒயிலும் கிடைக்கவில்லை. சாமான் வரும்வரை வண்டியைத் தொடாதே என்றேன், அவன் உனக்கு எழுதிப் போட்டான். நீ பதில் போட்டாய். கப்பும் ஒயிலும் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், அதுவரை தேங்காயெண்ணெய் ஊற்றி ஓட்டு, இங்கே கராஜில் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று. ஏன்டா, தை மாதத்துக் குளிரில் இந்த மலைத்தோட்டத்து லயத்தில் தேங்காயெண்ணெய் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? உன் தலைக்குத் தேய்க்க அம்மா தினமும் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கினாளே, அதுவுமா மறந்துபோயிற்று? சவூதியில், தம்மாமில் இரண்டு வருசம் வெயில் காய்ந்தால் பிறந்த மண்ணின் குளிர்கூடப் பொய்யாகிவிடுமோ?

வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். தேயிலை மெசினுக்குக் கிரீஸ் பூசின மனுசனுக்கு ஜப்பான் வண்டியப் பத்தி என்னா தெரியும், எம்புள்ள ஒரு நாளைக்கு நூறு வண்டி பாக்குறான் என்று உன் அம்மா பீலிக்கரையில் வைத்துச் சொன்னாள், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். முப்பது வருசம் பாக்டரியில் பிட்டராக இருந்தவன் நான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அவள் தன் தலைக்கு வைத்திருந்த போத்தலைத் தானே எடுத்துக் கொடுத்தாள், டக்ளஸ் ஊற்றினான். இரண்டு வாரம் மப்பும் மழையுமாக இருந்ததால் அவ்வளவு குளிர் இல்லை, வண்டியும் ஓடியது. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒரு ராத்திரி வானம் வெளுத்துப் பனி கொட்டியது. சரிவில் உருண்டுவிடக் கூடாது என்று டக்ளஸ் வண்டியை எப்போதும் கியரில்தான் நிறுத்துவான். ராவெல்லாம் ஒழுகிக் கீழே குழாய் வெறுமையாகிவிட்டது, மேலே சிலிண்டர் கிண்ணத்தில் இருந்ததோ உறைந்துபோய் இறங்கவில்லை. காலையில் அவன் கிளச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அமுக்கினான், பிடி சும்மா வந்தது, கிளச் விலகவில்லை, வண்டி பாய்ந்தது. அம்மா கூடையோடு, வேலைக்குப் பேர் பதிகிற காலைப் பெரட்டுக்குப் போக முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். கை வண்டிக்கும் கல்லுக்கட்டுக்கும் நடுவில் மாட்டியது.

நான் ஓய்வெடுத்தவன், தோட்டத்து ஆள்கணக்கு செக்ரோலில் இருந்தது அவள் பேர் ஒன்றுதான், அந்தப் பேருக்குத்தான் நாம் குடியிருக்கிற இந்தக் காம்பரா. ஒன்பதாம் நாளே கணக்கப்பிள்ளை வந்தார். வேலைக்குப் பேர் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா இல்லீங்க, மாசக் கடைசிக்குள்ள யாராவது பேர் குடுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த உன் தம்பி மறுநாளே பேர் கொடுத்துவிட்டான். இப்போது தேயிலைச் செடி வெட்ட, கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிறான். தன் கையால்தான் நடந்தது என்று சரியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை. அவளோ உன்னையும் குறை சொல்ல விடவில்லை, அவனையும் குறை சொல்ல விடவில்லை, என் நேரம் என்கிறாள். உன் சாமான், அவள் கை நசுங்கி மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. சும்மா இருக்க முடியாமல் நானே பிரித்தேன். பழைய கப் எண்ணெயில் ஊறி உப்பிப்போயிருந்தது, கழுவித் துடைத்துப் புதுக் கப் போட்டு, ஒயில் விட்டு, குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தேன். கிளச் இப்போது பூப்போல இருக்கிறது. வண்டிக்குக் கப் வந்துவிட்டது மகனே, கைக்கு எந்தக் கடையில் வாங்கி அனுப்பப்போகிறாய்?

உன்னைக் குத்தியாயிற்று, இனி என் பங்கு. அன்றைக்குக் காலையில் முதலில் எழுந்தவன் நான்தான். அடுப்போரம் போத்தலில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டியிருந்தது. ஸ்குரூட்ரைவரை எடுத்துக்கொண்டு போய்ச் சிலிண்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குள்ளும் வெள்ளை. டக்ளஸை எழுப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மூடியை மறுபடி முடுக்கிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி நடுவழியில் நிற்கட்டும், மகன் பேச்சை வேதவாக்காக எடுத்தவளுக்குப் புத்தி வரட்டும், பீலிக்கரையில் அன்றைக்கு நான் சிரிக்கலாம் என்று இருந்தேன். கியரில் நிற்கிறதே என்று மட்டும் யோசிக்கவில்லை. நீ மறந்துபோய்ச் செய்தாய். நான் மறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இதை இங்கே யாருக்கும் நான் சொல்லவில்லை. இப்போது உன் அம்மாவுக்குச் சோறு ஊட்டுவதும் தலை வாரிவிடுவதும் நான்தான். இந்த மனுசனுக்கு இம்புட்டுப் பாசம் இருந்துச்சின்னு கை போனப்புறந்தான் தெரிஞ்சிச்சு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே, மாதா உனக்குத் துணை இருப்பாள். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, உன் கடிதத்தை வாசித்துக் காட்டுவது நான்தான். அப்பா அன்றைக்கு மூடியைத் திறந்து பார்த்தார் என்று அவளுக்கும் டக்ளசுக்கும் எழுது. இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன். நானாகச் சொல்ல நான்கு தடவை வாயெடுத்தேன், வரவில்லை. நீ எழுதாவிட்டால் அவள் என் கையால் தின்றுகொண்டேதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
செபமாலை