சக்கரபாணியின் சேவல்

ஏங்க, தங்கச்சி வளைகாப்புக்குக் கிளம்பிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போகலை. சோறு வடிச்சு வச்சிருக்கேன்.

காலையில நீங்க வெளியே போயிருந்தப்போ கீழ்பென்னாத்தூர் சக்கரபாணி வந்தார். செத்துப்போன சண்டைச் சேவலைப் பாடம் பண்ணித் தரச்சொல்லிக் குடுத்தாரே, அவர்தான். தோல் போக மிச்ச உடம்பை நிலத்துல புதைக்கணும்னு தனியா எடுத்து வைக்க உங்ககிட்டச் சொல்லியிருந்தாராம். நாலு மணிக்கு வந்து வாங்கிக்குவாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு! ஃபிரிட்ஜ்ல தூக்குச்சட்டியில இருந்தது நீங்க வாங்கின கறின்னு நினைச்சுத்தான் நேத்து குழம்பு வச்சேன். நான் வாங்கினதுன்னு நினைச்சு நீங்களும் சாப்பிட்டீங்க.

இப்ப அதே தூக்குல வேற நாட்டுக்கோழி வாங்கி வச்சிருக்கேன். அவரைத் திறந்து பார்க்க விடாம குடுத்தனுப்புங்க. காபி குடுங்க, சாப்பிட மட்டும் சொல்லிடாதீங்க.

பாடம் பண்ற வேலைக்குத் தனியா கடை எதுக்கு, வீட்டிலயே செய்ங்கன்னு ஒரு வாரமா சண்டை போட்டவ நான்தான். போதும், நீங்களே ஜெயிச்சீங்க. செங்கம் ரோட்டுக் கடையைப் பேசி முடிங்க. அங்க தனியா ஒரு ஃபிரிட்ஜ் வச்சுக்குங்க. ஆனா மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துடணும்.

உண்ணாமலை

பி.கு.: கறி வேகவே இல்லைன்னு நேத்து மூஞ்சைச் சுளிச்சீங்களே, ஏழு சண்டை ஜெயிச்ச சேவல் பின்ன எப்படி வேகும்?