நண்டுக் கதையை நின்று கேட்டவள்

வாழி. மழை பொய்க்காத மேட்டு நிலமும் உப்பு குன்றாத கடற்கரையும் உடைய பனங்கானல் நாட்டின் அரியணை அமர்ந்த பெருந்தேவி முகில்வண்ண நாச்சியார், கழிமுகத்து மண்டலம் காப்பவரும், வெள்ளம் வந்த ஆண்டில் தம் மாளிகைக் கதவைத் திறந்து ஊருக்கே சோறிட்டவருமான நாடாள்வார் திருமலைக்கொழுந்தருக்கு விடுக்கும் திருவோலை. உம் மண்டலத்துக் கன்று காலிகளும் களஞ்சியமும் உம் மனை மக்களும் நலமுடன் விளங்குக. இங்கு உடல் நலம். மனம் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீர்.

அளக்கரை உப்பளத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓரெழுத்தும் வரவில்லை என்றும், எழுத்துக் கற்பிக்கும் கணக்காயர் குன்றனாரை விலக்கி, பள்ளியை மூடி, அதனை உப்புக் கிடங்காக்கிக்கொள்ள ஆணை வேண்டும் என்றும் நீர் விடுத்த விண்ணப்பம் கிடைத்தது. இசைவு எழுத எழுத்தாணியைக் கையில் எடுத்தும் விட்டோம். அந்த வேளையில்தான் வாயிற்காவலர் ஓடி வந்து, உப்பளத்துப் பெண் ஒருத்தி தலையில் ஒரு சுவடியைச் சுமந்தபடி நிற்கிறாள், தன்னைத் தண்டித்தாலன்றி நகரமாட்டேன் என்கிறாள் என்று முறையிட்டார். தண்டனையைக் கேட்டு வாங்க வந்த குடியை இவ்வரண்மனை இதுவரை கண்டதில்லை. உள்ளே அழைத்துவரச் சொன்னோம்.

அவள் பெயர் சிலம்பாயி. உவர்நீரில் நின்று நின்று வெடித்த பாதங்களோடு அவைக்குள் வந்தவள், பளிங்குத் தரை அழுக்காகுமே என்று ஓரமாகவே நடந்தாள். மஞ்சள் துணியில் சுற்றிய சுவடியைத் தலையிலிருந்து இறக்கி எம் முன் வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். யாம் பிள்ளைகளுக்கென அனுப்பிய கதைச் சுவடிகளுள் ஒன்றே அது. அதன் கயிற்று முடிச்சில் எம் இலச்சினை அரக்கு உடைந்திருந்தது.

நடந்ததை அவளே சொன்னாள். ஒருநாள் வெயில் தாழ்ந்த பொழுதில் அவள் அளத்திலிருந்து திரும்பியிருக்கிறாள். குடிசைக்குள்ளிருந்து மகள் வடிவின் குரல் கேட்டிருக்கிறது. பாத்தியில் சிக்கிய ஒரு நண்டின் கதையை அச்சிறுமி தன் தம்பிக்கு ஓலை பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். முத்திரை உடைந்துவிட்டதென்று தாய்க்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உள்ளே போகவில்லை. கையிலிருந்த உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்கவும் மறந்து, தட்டிக்கு வெளியே நின்றே கேட்டாள். மறுநாள் விடியலில் சுவடியோடு தலைநகருக்குப் புறப்பட்டுவிட்டாள்.

அதன் பின் அவள் கூறியதை அவள் வாய்மொழியாகவே பதியுமாறு ஓலைநாயகத்துக்குச் சொன்னோம். நீரும் அப்படியே கேளும்.

"எம்மவ அறியாப் புள்ள தாயி. முத்திரைய ஒடைச்சா கை போயிரும்னு அதுக்கு எங்க தெரியும்? வெட்டணும்னா எங் கைய வெட்டிக்கிடுங்க. குத்தம் எம்மேலதான். பாதியிலேயே ஓடிப்போயி தடுத்திருக்கணும், தடுக்கல. அந்த நண்டு பொழச்சுதா இல்லியான்னு தெரியாம நான் எப்படித் தாயி தடுப்பேன்?"

அவையில் எவரோ சிரித்தார். யாம் சிரிக்கவில்லை, நண்டு பிழைத்ததா என்று கேட்டோம். அடடா, அவள் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டுமே நீர்! அழுகை நின்றுபோயிற்று. மடை திறக்கும் வரை நண்டு சேற்றுக்குள் புதைந்து கிடந்ததையும், கொக்கை ஏய்த்ததையும், ஏற்றநீர் வந்ததும் பக்கவாட்டிலேயே ஓடிக் கடலில் விழுந்ததையும் கைகளால் நண்டு போலவே காட்டிச் சொன்னாள். ஒருமுறை, அதுவும் தட்டி மறைவில் நின்று கேட்ட கதை அது. அரிச்சுவடியே அறியாத பெண் அவள்.

இனி உம்மிடம் வருகிறோம். சுவடிகள் காணாமற்போய்விடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் அரச இலச்சினை பொறித்து வீடுகளுக்குக் கொடுத்தது நீர். நல்லெண்ணமே, ஐயமில்லை. ஆனால் இலச்சினையிட்ட ஓலையை ஓலைநாயகம் அன்றிப் பிறர் அவிழ்த்தால் கையை இழப்பர் என்று எம் பாட்டனார் போர்க்காலத்தில், ஒற்றருக்கு அஞ்சி இட்ட ஆணை இன்றும் உப்பளத்துக் குடிகளின் நெஞ்சில் கல்வெட்டாக நிற்கிறது. ஆகவே அவர்கள் சுவடியைத் தலைமேல் வைத்து வாங்கினார்கள். மஞ்சள் துணியில் சுற்றிச் சாமிமாடத்தில் ஏற்றினார்கள். வெள்ளிதோறும் பூ வைத்து விளக்கேற்றி விழுந்து கும்பிட்டார்கள். பிள்ளை கை நீட்டினால் சுள்ளென்று ஓர் அடி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பூசாரியாக நின்றது எம் முத்திரை.

பள்ளியைச் சோதிக்க வந்த உம் ஆய்வாளரோ இன்னும் ஒரு படி மேலே போனார். கணக்காயரை வெளியே நிறுத்திவிட்டு, இலச்சினையிட்ட சுவடியையே பிள்ளைகள் முன் வைத்து வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள். ஒருவர்கூடக் கயிற்றைத் தொடவில்லை. எழுத்து வரவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் பல்லக்கேறிவிட்டார். ஏன் தொடவில்லை என்று கேட்க அவருக்கு நாவில்லையா?

குன்றனாரையும் யாம் விடவில்லை, அழைத்து வினவினோம். வீடுகளில் வாசிக்கிறார்கள் என்றே தாம் நம்பியிருந்ததாகச் சொன்னார். ஒரு வீட்டுக்காவது சென்று கேட்டீரோ என்றதற்கு இல்லை என்றார். சேற்றுக்காலோடு பள்ளிக்குள் நுழைவது பாவம் என்று பெற்றோர் போகவில்லை. அளத்துச் சேற்றில் இறங்குவது தம் வேலையன்று என்று கணக்காயர் வரவில்லை. பள்ளிக்கும் குடிசைகளுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். கூப்பிடத்தான் ஆளில்லை. இதை எண்ணுந்தோறும் எமக்கு ஆறவில்லை.

ஆதலால் எம் கட்டளை இது. பாட்டனாரின் ஆணை கதைச் சுவடிகளைத் தீண்டாது. அவற்றின் அரக்கை நீரே உம் கையால், ஊரார் காண உடைப்பீராக. கிழிந்தால் கிழியட்டும், பிள்ளை கைபட்டுக் கிழிந்த ஓலைக்கு வேறு ஓலை எழுதித்தர எம்மிடம் பனைக்குப் பஞ்சமில்லை. உச்சி வெயிலில் அளத்தார் ஒதுங்கும் பந்தலுக்குக் குன்றனார் பிள்ளைகளோடு சென்று அமர்வாராக. அங்கே பிள்ளைகள் வாசிக்கப் பெற்றோர் கேட்கட்டும். எழுத்தறியாத நாங்கள் எதற்கு என்று அவர்கள் பின்வாங்குவார்கள், விடாதீர். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லும். அந்தக் கேள்விக்குத்தான் பிள்ளை அடுத்த ஏட்டைப் புரட்டும். பிள்ளை வாசிக்கும் வீட்டுக்கு மாலை விளக்குக்கு எண்ணெய் தருவது அளக்கரை வணிகர் பொறுப்பு. முணுமுணுப்பவரை எம்மிடம் அனுப்பும்.

சிலம்பாயிக்குத் தண்டனை இல்லை என்று சொன்னோம். அவள் நம்பவில்லை. சுவடியை அவள் கையிலேயே திருப்பித் தந்தபோது, மீண்டும் தலையில் வைக்கப் போனாள். இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அவளிடமே இவ்வோலையையும் கொடுத்து அனுப்புகிறோம். கயிறு இல்லை, அரக்கு இல்லை, இலச்சினை இல்லை. அங்கும் ஓலைநாயகம் இதைத் தொடலாகாது.

நாடாள்வாரே, இப்போது எம் சொற்படி உம் எதிரில் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவள் வடிவு. நெடிய வாக்கியங்களில் மூச்சு வாங்கியிருப்பாள். பொறுத்தருளும், அது எம் நடையின் குற்றம். அவள் தாய் அருகில் நிற்கிறாள். இனியும் அளக்கரைப் பிள்ளைகளுக்கு எழுத்து வராது, பள்ளியை மூடத்தான் வேண்டும் என்று கருதுவீராயின், அதற்கும் இசைகிறோம். அதை இந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து, உம் வாயாலேயே சொல்லும்.

இது பெருந்தேவி திருவாய்மொழி. அறம் காக்க.