விழுங்கிய அணுவுக்குள்ளே குடித்தனம்

கண்டி
19.11.1989

அன்பு மகள் மைதிலிக்கு,

நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருப்பாய் என்று எண்ணுகிறேன். நாட்டுக் குழப்பத்தில் தபாற்கந்தோர் பூட்டிக் கிடந்ததால் உன் கடிதம் போன கிழமைதான் கிடைத்தது. ஊரடங்கு இல்லாத நாட்களில் நெஞ்சுநோய் நிலையத்து ஆய்வுகூடத்துக்குப் போய்வருகிறேன், வழியில் காண்பவற்றை எழுத மனமில்லை. அப்பாவுக்குச் சீனி கூடியிருக்கிறது, சொல்வழி கேட்பதில்லை.

காசநோய்க் கிருமியை உடம்பு ஏன் கொன்றுவிடுவதில்லை என்று கேட்டிருந்தாய். கொல்லத்தான் பார்க்கிறது. நுரையீரலில் காவல் நிற்கும் வெள்ளணு அதை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. அமிலம் நிறைந்த இன்னொரு பை வந்து அதோடு சேர்ந்தால் பெரும்பாலான கிருமிகள் கரைந்துபோகும். இது அந்தச் சேர்க்கையையே தடுத்துவிடுகிறது, எப்படி என்று இன்னும் முழுதாய்த் தெரியாது. மெழுகுத் தோலோடு, கொல்ல வந்தவனுக்குள்ளேயே குடியிருந்து, நாளுக்கு ஒருமுறை மட்டும் பெருகி, வருடக்கணக்கில் காத்திருக்கும். எதையும் இலேசில் மெச்சாதவள் நான், ஆனாலும் நுணுக்குக்காட்டியில் சாயமேறிச் சிவந்த கோல்களாய் அதைக் காணும்போது மரியாதை வருகிறது. இருமல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் குளிசை கொடுப்பது இதனால்தான்.

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கறுப்பையா என்று ஒருவர். இருமல் நின்றிருந்தவருக்கு ஆவணியில் சளியில் மறுபடி கிருமி. குளிசையை நிறுத்திவிட்டார் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது, பஸ் ஓடாத நாட்களில் மனைவியும் இருமத் தொடங்க, தன் குளிசையை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டிருக்கிறார். ஒரு ரொட்டியையே பிச்சுத்தாங்க திங்கிறோம், இத மட்டும் நான் தனியா முழுங்குறதா என்றார். பாதி மருந்து இருவரையும் காப்பாற்றாது, கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடும் என்றேன். இனி மருந்துக்குக் கேட்குமோ என்று எனக்கே நிச்சயமில்லை. மனைவியின் சளியிலும் கிருமி இருந்தது, இருவருக்கும் தனித்தனி மருந்து அட்டை போட்டோம். திரும்பி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பஸ் இல்லாத நாட்களில் கம்பளை வரை நடந்து, அங்கிருந்து லொறி பிடித்து, ஒரு தவணை தவறாமல் வந்தார்கள்.

நேற்று இருவரின் சளியையும் நானே பார்த்தேன். அவருடைய சளி தடவிய கண்ணாடித் துண்டில் நூறு இடம் தேடியும் ஒரு கோல் இல்லை. சொன்னேன். என்னுத விடுங்க மிஸ், அவளுத பாத்தீங்களா என்றார். அதிலும் இல்லை, ஆனால் இன்னும் ஐந்து மாதம் விழுங்கவேண்டும் என்றேன். வாங்குப் பலகையில் இருந்த மனைவியிடம் திரும்பி, ஒனக்கு ஒன்னோடது, இனி பங்கு கேட்டா குடுக்க மாட்டேன் என்றார். நான் எப்பங்க கேட்டேன், நீங்கதானே வாயில திணிச்சீங்க என்றாள் அவள்.

உன் படிப்பும் உடம்பும் நன்றாயிருக்க எங்கள் ஆசி. வார்டில் நிற்கிறவள் நீ, நெஞ்சுப் படம் எடுப்பதைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா
பத்மாதேவி யோகேந்திரன்