காய்ச்சல் இல்லை

ஆவணி, வியாழன் இரவு.

சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் நூற்றியொன்று. கீமோ போட்டு இன்றோடு எட்டு நாள். திருச்சி ஆஸ்பத்திரியில் செல்லில் ஏற்றிக்கொடுத்த ஆப்பில், அவர் உடம்பு எப்படி இருக்கிறதென்று தினமும் நான்தான் பதிகிறேன். காய்ச்சல் என்று போட்டால் நர்ஸ் உடனே கூப்பிட்டு, கிளம்பி வரச் சொல்வார்.

"காய்ச்சல் இல்லைன்னு போடு," என்றார். "பெட்ல போட்டுட்டா ஞாயித்துக்கிழமை நம்ம புள்ளை வளைகாப்புக்கு எப்புடி வாரது?"

"ஒடம்பு சுடுதுங்க."

"ஆமா, பெரிய டாக்டரம்மா!" என்று என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். முடியில்லாத தலை கொதித்தது. பால் கணக்கில்கூடப் பொய் எழுதாதவள், இல்லை என்று பதிந்தேன். பச்சை டிக் வந்தது. யாரும் கூப்பிடவில்லை.

விளக்கு முன்னால் உட்கார்ந்தேன், கும்பிடக் கை வரவில்லை. சத்தியத்தை மீறினால் அவருக்கு ஆகாது. மீறாவிட்டால் காய்ச்சல் சும்மா விடுமா? இப்போது நூற்றியிரண்டு. முனகுகிறார். பதிந்ததைப் பன்னிரண்டு மணிவரை திருத்தலாம். இன்னும் கால்மணி நேரம்தான் இருக்கிறது.

மாரியாத்தா, குத்தம் என்னோட போகட்டும். செல்லை எடுக்கிறேன்.