லேமினேட் போட்ட சான்றிதழ்

அப்பா,

இன்று காலை, உங்கள் தொழிற்சாலை பஸ்ஸை இப்போது ஓட்டுகிற அண்ணன் தங்கா பத்துவில் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நீங்கள் மாட்டி வைத்திருந்த துணிப்பையை அம்மாவிடம் கொடுக்கத்தான் வந்தாராம். உள்ளே ஒரு துண்டு, பாதி தீர்ந்த தைலப் புட்டி, கறுப்பு மைப் பேனா இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், தைல வாடையோடு என் பட்டச் சான்றிதழ். நீங்கள் லேமினேட் போட்டீர்களே, அதே சான்றிதழ்.

அதைப் பார்த்ததும் முதலில் வந்தது எரிச்சல்தான். அழுகை அப்புறம்தான் வந்தது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது, இன்னமும் உங்கள் மேல் எரிச்சல்பட முடிகிறது என்பதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

வெளிநாட்டில் ஆசிரியர் வேலை தேடுவதற்குப் பாடம் நடத்தத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நான்கு வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்து, ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடம் கடிதம் வருமா வராதா என்று காத்திருந்து சலித்துப்போய், வியட்நாமில் ஒரு பள்ளிக்கு எழுதிப் போட்டேன். கணினித் திரையில் அரை மணி நேரம் பேசிவிட்டு வேலை உனக்குத்தான் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அலைச்சல் ஆரம்பித்தது. பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் நன்னடத்தைக் கடிதம் எல்லாவற்றுக்கும் புத்ராஜெயாவில் ஒரு முத்திரை, அதற்கு மேல் கோலாலம்பூரில் அவர்கள் தூதரகத்தின் முத்திரை. நடுவில் மருத்துவப் பரிசோதனை வேறு. உங்கள் விடுமுறை நாளெல்லாம் என்னை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடியே தீர்ந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டு, பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு வருவீர்கள். கவுண்ட்டரில் பேனா கேட்டால் முகத்தைச் சுளிப்பார்களாம்.

அன்று புத்ராஜெயா கவுண்ட்டரில் இருந்த மலாய் அக்கா சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக்கை நகத்தால் ஒரு தடவை சுரண்டினார். "தா போலே," என்றார். முடியாதாம். முத்திரையைத் தாளின் மேல்தான் குத்த வேண்டும், பிளாஸ்டிக் மேல் குத்தினால் செல்லாது, பிரித்தால் தாள் கிழியும். பல்கலைக்கழகத்தில் வேறு பிரதி வாங்கி வா என்று அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்.

நீங்கள் காரில் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தீர்கள். "முடிஞ்சிருச்சா பாப்பா?" என்று எழுந்தீர்கள்.

"யாருப்பா உங்கள லேமினேட் போடச் சொன்னது? தெரியாட்டி சும்மா இருக்க வேண்டியதுதானே! உங்களுக்கு என்ன தெரியும்?"

பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "தண்ணி கிண்ணி பட்டா கெட்டுப் போயிருமேன்னுதாம்மா..." என்றீர்கள். அவ்வளவுதான். வழியில் ஓய்விடத்தில் நிறுத்தி, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றை வாங்கி என் மடியில் வைத்தீர்கள். நம் ஊருக்கு இறங்குகிற ஆயர் குரோ டோல் சாவடி வரும்வரை அதை நான் பிரிக்கவே இல்லை. புதுப் பிரதி வர இரண்டு மாதம் ஆனது. அந்தப் பருவத்து வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த பருவத்துக்கு அதே பள்ளி மறுபடி கூப்பிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விசா விண்ணப்பத்தை நிரப்பினோம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? கவிதா, பிறகு மகள் என்று சொல்லும் ஏ/பி, பிறகு உங்கள் பெயர். அடையாள அட்டை ஐசியிலும் அப்படித்தான், பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். அந்தப் பள்ளி அலுவலகக் கிராணியிடம் போனில் கேட்டதற்கு, அப்பா பெயரையே போடு என்றார்.

"என் பேரா? அப்ப அங்க உன்ன எப்படிக் கூப்புடுவாங்க?"

"மிஸ் மாரிமுத்து."

கையிலிருந்த தேத்தண்ணி சிந்துகிற அளவுக்குச் சிரித்தீர்கள். "ஐயோ, நல்லாவா இருக்கு? ரப்பர் தோட்டத்து ஆளு பேரு மாதிரில்ல இருக்கு. வேற எதாச்சும் போடு லா." அம்மாவும் சிரித்தார். ஆனால் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "அது என்னா சொன்ன, இன்னொரு தடவ சொல்லு," என்று கேட்டீர்கள். சொன்னேன். பஸ் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இன்று அந்த அண்ணன் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. பஸ்ஸில் புதிதாக ஏறுகிற ஒவ்வொருவரிடமும் இந்தச் சான்றிதழைக் காட்டுவீர்களாமே. "என் மக" என்பீர்களாம். ஆனால் விரல் என் பெயர் மேல் இருக்காதாம், பின்னால் இருக்கிற உங்கள் பெயர் மேல்தான் இருக்குமாம். "இதப் பாத்துதான் ஒங்கப்பா பேரே எங்களுக்குத் தெரியும், தங்கச்சி," என்றார். தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு நீங்கள் அங்கிள், மலாய்க்காரர்களுக்கு மாமா என்று சொல்லும் பாக்சிக், ஆபீசுக்கு டிரைவர், அம்மாவுக்கு "என்னாங்க". நானும் அப்பா என்று சொன்னதோடு சரி. அந்தப் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட யாருமே இல்லை. அதை அச்சில் பார்த்ததும் தண்ணீர் படாமல் காப்பாற்றத் தோன்றியிருக்கிறது. நான்தான் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

உங்களுக்கு மார்வலி வந்த வாரம், வியட்நாமில் என் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் பள்ளியில் வாங்கி அங்கே குடிநுழைவு அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். நீங்கள் போய்விட்டீர்கள் என்று மாமா போன் பண்ணியபோது மாலை நான்கு மணி. ஓடிப்போய்க் கிராணியிடம் கேட்டேன். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இரண்டு நாள் ஆகும் என்றார். அவரும் பாவம், நான்கு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு நாளு வச்சிருக்க முடியாதும்மா. நாளைக்கே எடுக்குறாங்க. நீ அழுவாத, அங்கயே இரு," என்றார். உங்களுக்கு இருப்பது நான் ஒருத்திதான். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

மறுநாள் காலை அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேறு போக இடமும் இல்லை, பள்ளிக்குப் போனேன். அங்கே மணி எட்டு. இங்கே ஒன்பது, உங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். வகுப்புக் கதவைத் திறந்தேன். இருபத்தாறு பிள்ளைகளும் எழுந்து நின்று, வழக்கம்போல இழுத்து, "குட் மார்னிங், மிஸ் மாரி... முத்து" என்றார்கள். ஆசிரியர் பதில் சொன்ன பிறகுதான் உட்காருவது அங்கே பழக்கம். நான் கதவுப் பிடியை விடாமல் நின்றேன். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்கள்.

பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டிக்கும் தாள் ஒரு வாரமாக மேசை மேல் கிடந்தது. எனக்கு அலுத்துவிட்டது அப்பா. மறுபடி முத்திரை, மறுபடி வரிசை, மறுபடி பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருப்பது. அம்மாவைத் தனியே விட்டுப் போகவும் மனம் இல்லை. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். இன்று மத்தியானம் உங்கள் கறுப்புப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன். அம்மா பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார்.

லேமினேட் போட்ட சான்றிதழையும் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். எந்தக் கவுண்ட்டரிலும் அது செல்லாது. திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து நின்று உங்கள் பெயரைச் சொல்வார்கள். நான் பதில் சொல்லும்வரை உட்கார மாட்டார்கள்.