பொன்மொழிக்கு முதல் கைதட்டல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மானம் போனது. ஆபீஸ் சாட்டில் மேனேஜர் தினமும் காலையில் ஒரு பொன்மொழி போடுவார். அதனாலேயே எங்களுக்குள் அவர் பெயர் பொன்மொழி. இன்றையது: "விழுவது எழுவதற்கே." எல்லாரும் கைதட்டிப் பதில் போட்டாயிற்று; நானோ விழுந்து கிடந்த சர்வரை எழுப்பிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்னப்பா, உனக்கு மட்டும் பிடிக்கலையா?" இதுக்கெல்லாமா வேலை போகும்? போகும். போன வருஷம் ஒருத்தருக்குப் போனது.

மார்ச் 5

விட்டேனா பார் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். புரோகிராம்கள் நுழைவதற்கென்றே சாட்டில் இருக்கும் ஏபிஐ என்ற வாசல் வழியாக உள்ளே போய், மேனேஜர் எதைப் போட்டாலும் மறுநொடியே என் பெயரில் "அருமை சார்!" என்று பதில் போட்டு, கைதட்டலும் வைத்துவிடும்.

பக்கத்து சீட் டெஸ்டர் அக்காவிடம் காட்டினேன். சேர்ந்த நாளிலிருந்து என் தப்புகளை மேலே போகாமல் பிடித்துக் காப்பாற்றுகிறவர். "ஆமாஞ்சாமி போடறதுக்குக்கூட ஆள் வச்சிட்டியாடா!" என்று சிரித்தார். பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது. "கெட்ட சேதி போட்டார்னா? அதை டெஸ்ட் பண்ணியா?"

"அவர் எங்கக்கா கெட்ட சேதி போடறாரு!"

மார்ச் 12

"ஆர்வம்னா என்னன்னு இவன்கிட்ட கத்துக்குங்க." மீட்டிங்கில் எனக்குப் பாராட்டு! சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்த அக்காவுக்குப் புரையேறியது.

மார்ச் 20

"நம் டெஸ்டர் இன்றோடு விடைபெற்றுப் புதிய வானில் சிறகு விரிக்கிறார்!" வேலையை விட்டுத் தூக்கியதற்கு இப்படி ஒரு பெயர். அக்காவுக்கே சாட்டைப் பார்த்துத்தான் தெரியும்.

அதன் கீழே, மறுநொடியே, நான்: "அருமை சார்!" கைதட்டல் வேறு.

ஐயோ. அழிக்கறதுக்குள்ள என் பின்னாலேயே மொத்த ஆபீஸும் வரிசை கட்டிடுச்சு — அருமை சார், சூப்பர் சார்.

"அக்கா, சத்தியமா அது நான் இல்லக்கா, மெஷின்..."

"தெரியும்டா. உன்னோடது மெஷின்." பையை மூடினார். "மத்தவங்களோடது?"

மேனேஜரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?

மார்ச் 21

புரோகிராமை அழித்துவிட்டேன். இனி என் பெயரில் ஒரு பொய்கூடப் போகாது.

மார்ச் 24

பக்கத்து நாற்காலி காலி. காலையில் வந்தது: "பிரிவும் ஒரு வளர்ச்சியே."

கையாலேயே அடித்தேன். "அருமை சார்!"

இன்றும் முதல் ஆள் நான்தான்.